சரக்கெடுக்கும் முன் விசாரிக்க எவ்வளவு செலவழிக்கலாம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் துணிக்கடை வைத்திருப்பவருக்குத் தீபாவளிதான் ஆண்டின் பெரிய பந்தயம். செம்பனை விலை நன்றாக இருந்தால் ஊரில் காசு புழங்கும். விழுந்தால் சேலைகள் அலமாரியிலேயே தூங்கும். "நல்லா விசாரிச்சிட்டு எடு" என்பார்கள். சரிதான். ஆனால் அந்த விசாரிப்புக்கும் ஒரு விலை வரம்பு உண்டு. அதைக் கணக்குப் போடாமல் இறங்குவதுதான் முதல் தவறு.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பெரிய ஆர்டர் எடுத்தால், வியாபாரம் களைகட்டும் ஆண்டில் 20,000 வெள்ளி (ரிங்கிட்) லாபம், படுத்துவிட்டால் 10,000 நட்டம். சின்ன ஆர்டரில் 8,000 அல்லது 3,000 லாபம். வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் பெரியதற்குச் சராசரி 5,000, சின்னதற்கு 5,500. எதுவும் தெரியாதவர் சின்னதைத்தான் எடுப்பார். நடக்கப்போவதை அச்சுப்பிசகாமல் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால்? நல்ல ஆண்டில் பெரியது, மோசமான ஆண்டில் சின்னது, சராசரி 11,500. ஆக, பிசகே இல்லாத அந்தத் தகவலுக்கே 6,000 வெள்ளிதான் மதிப்பு. அதற்கு மேல் கேட்பவர் ஆலோசகரோ ஜோசியரோ, கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம். முடிவெடுப்பியல் அறிஞர் ரொனால்ட் ஹோவர்ட் 1966இல் எழுதிய கட்டுரையிலிருந்து நிலைபெற்ற கணக்கு இது.

நிஜத்தில் எந்தத் தகவலும் பிசகும். பத்துக்கு எட்டு தடவை சரியாக வருவதென்றால், அது சொல்கிறபடி பெரியதோ சின்னதோ எடுப்பவருக்குச் சராசரி 9,000 ஆகிறது, மதிப்பு 3,500 வெள்ளி.

அது எல்லாருக்கும் 3,500 என்று நினைப்பது அடுத்த தவறு, மோசமானதும்கூட. 10,000 போனாலும் தாங்கும் கடைக்காரர் "நல்ல ஆண்டு" என்று கேட்டதும் பெரிய ஆர்டருக்குப் போவார். வட்டிக்கு வாங்கிக் கடை நடத்துபவர் அப்படிப் போக முடியாது. ஐந்தில் ஒரு தடவை ஏமாற்றும் தகவலை நம்பிக் கடையையே பணயம் வைப்பாரா? எப்படியும் சின்னதைத்தான் எடுக்கப்போகிறார் என்றால், முடிவை மாற்றாத அந்தத் தகவல் அவருக்குப் பைசா பெறாது. விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ள மொத்த வியாபாரி சம்மதித்து நட்டம் குறைந்தால்தான் அதே தகவல் அவருக்கும் உதவும்.

அப்புறம் ஆள் கணக்கு. ஒட்டுக்கடையில் பசியாறும்போது மூன்று பேர் "இந்த வருசம் சேல்ஸ் பறக்கும்" என்கிறார்கள். மூவருக்கும் சொன்னது ஒரே ஏஜென்ட். அப்படியானால் அது ஒரே தகவல். அவர் சரக்கு விற்க வந்தவர் என்பதால் அதிலும் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர்களை மட்டும் கேட்பதும் இதே கதைதான். ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்த் துணி எடுப்பவர்கள் உங்கள் கடைக்கு வந்து அதைச் சொல்லப்போவதில்லை.

மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் விலையைத் தினமும் வெளியிடுகிறது. அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

முன்பணம் கட்டிய பிறகு வரும் தகவலால் பயனில்லை. அதைவிட, சின்ன ஆர்டரை முதலில் இறக்கிவிட்டு, மீதியை விற்பனை பார்த்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முதல் இரண்டு வார விற்பனையே தகவல். தாமதமாக எடுப்பதற்கு மொத்த வியாபாரி கூட்டிக் கேட்கும் விலைதான் அந்தத் தகவலின் விலை. உங்கள் கணக்கில் அந்தத் தகவலுக்கு வரும் மதிப்புக்குள் அது இருக்கிறதா என்று பாருங்கள்.