பாட்லக்குக்கு (ஆளுக்கு ஒரு ஐட்டம் கொண்டு வந்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற விருந்துக்கு) என்ன எடுத்துட்டு போகலாம்?

கோடை முடியுற நேரத்துல பாட்லக்னா சூடா பரிமாற வேண்டிய ஐட்டத்தை விட்டுடுங்க, ஆறினாலும் ருசி குறையாததுதான் முதல்ல காலியாகும். என்னோட சாய்ஸ் எப்பவும் சோள சாலட்தான், அந்த சீசன்ல சோளமும் தக்காளியும் நல்லா இனிப்பா இருக்கும், சோளத்தை தணல்ல லேசா கருகுற மாதிரி சுட்டு முத்தை உதிர்த்து வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை சாறு, கொஞ்சம் ஆலிவ் ஆயில் போட்டு கலந்தா போதும். தக்காளியையும் உப்பையும் மட்டும் அங்க போய் சேர்த்துக்கோங்க, முன்னாடியே போட்டா தண்ணி விட்டு சொதசொதன்னு ஆயிடும்.

பாஸ்தா சாலட்னா டிரெஸ்ஸிங்ல பாதியை தனியா எடுத்துட்டு போங்க, பாஸ்தா உறிஞ்சிட்டே இருக்கும்ல, பரிமாறும்போது ஊத்திக்கலாம். தர்பூசணியில புதினா தூவினா குழந்தைங்க விடவே மாட்டாங்க.

முக்கியமா மயோனைஸ், முட்டை, சிக்கன், வெட்டின பழம் எதையும் வெளில 2 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க, வெயில் 32 டிகிரி செல்சியஸை தாண்டுச்சுன்னா 1 மணி நேரம்தான், அதனால பாத்திரத்தை ஐஸ் கொட்டின பெரிய ட்ரேல வைங்க. நட்ஸ் போட்டிருந்தா ஒரு சீட்டுல எழுதி பக்கத்துலயே வச்சிடுங்க, அலர்ஜி இருக்குறவங்க சிலபேர் கேக்க கூச்சப்படுவாங்க.