சிங்கிள் பேரல் விஸ்கி பாட்டில் கையில கிடைச்சா படுக்கப் போடாதீங்க மக்கா

போன வருஷம் அமெரிக்காலருந்து லீவுக்கு வந்த மச்சான் ஒரு பாட்டில் தந்தான். சிங்கிள் பேரல், பேரல் ப்ரூஃப் (தண்ணி கலக்காம, மரப்பேரல்ல இருந்த ஆல்கஹால் அளவோடயே அடைச்சது), லிமிடெட் ரிலீஸ். "வெலைய மட்டும் கேக்காத, பத்திரமா வை"ன்னான். ஒயின் பாட்டில் எல்லாம் படுக்க வச்சிருக்க படம் பாத்திருக்கோம்லா, நானும் அதே மாதிரி ஒரு பழைய போர்வையில சுத்தி பரண்ல படுக்கப் போட்டேன். எட்டு மாசம் கழிச்சு தொறந்தா கார்க் பாதி கையில, பாதி கழுத்துக்குள்ள. அந்த வெப்ராளத்துல கத்துக்கிட்டதுதான் இந்த போஸ்ட். எந்த கம்பெனின்னு கேக்காதீங்க, தப்பு முழுக்க என்னோடது.

ஸ்டெப் 1: லேபிள போட்டோ எடுங்க

சாதாரண விஸ்கின்னா நூத்துக்கணக்கான பேரல கலந்து ஒரே ருசியா ஆக்கிருவாங்க. சிங்கிள் பேரல்னா ஒரே பேரல்ல இருந்தது மட்டும். சுமார் 200 லிட்டர் பிடிக்கிற பேரல், அதுல வருஷக்கணக்கா ஆவியா போனது போக மிச்சம்தான் பாட்டிலாகுது, தீந்தா தீந்ததுதான், பக்கத்து பேரல் ருசி வேற. அதனால பேரல் நம்பர், குடோன், தேதி, ப்ரூஃப் (ஆல்கஹால் அளவ சொல்ற நம்பர்) எல்லாத்தையும் மொதல்லயே போட்டோ எடுத்து வச்சுருங்க. 1984ல இந்த சிங்கிள் பேரல் வியாபாரத்த ஆரம்பிச்சு வச்ச பிளாண்டன்ஸ்ங்கிற அமெரிக்க பிராண்ட் பாட்டில்ல பாத்தா எந்த ரேக்ல இருந்துச்சு, என்னைக்கு பேரல கவுத்தாங்கன்னு வரை எழுதியிருப்பாங்க. அந்த மூடியில குதிரை பொம்மை வேற, எட்டு விதம், எட்டும் சேக்க அலையிற ஆளுங்க இருக்காங்க. எனக்கு அந்த கிறுக்கு இன்னும் பிடிக்கல.

ஸ்டெப் 2: கொண்டு வாறது

திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல எறங்குறவங்க ரெண்டு விஷயம் பாத்துக்கிடுங்க. கஸ்டம்ஸ்ல டியூட்டி இல்லாம விடுறது ஆளுக்கு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் ரெண்டு ஓகே, மூணாவது வச்சா 2.25 ஆயிரும். அடுத்தது முக்கியம், 70 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் உள்ள பாட்டில பிளேன்ல கொண்டு வரவே முடியாது, பெட்டியில போட்டாலும் சரி கையில வச்சாலும் சரி. அமெரிக்க கணக்குல 140 ப்ரூஃப் தாண்டினா அம்போதான். இந்த ஹை ப்ரூஃப் ரிலீஸ்ல சிலது அத தாண்டிரும், அங்க பாட்டில் சேக்குற ஆளுங்க அதுக்கு 'ஹாஸ்மாட்'னு (ஆபத்தான சரக்குன்னு அர்த்தம்) செல்லப்பேரே வச்சிருக்காங்க. வாங்குறதுக்கு முன்னாடி நம்பர பாருங்க, காச குடுத்துட்டு ஏர்போர்ட்ல விட்டுட்டு வராதீங்க.

ஸ்டெப் 3: நேரா நிமித்தி வைங்க (நான் மாட்டுனது இங்கதான்)

ஒயின்ல ஆல்கஹால் 12, 14 சதவீதம்தான், கார்க் காயாம இருக்க படுக்க வைக்கிறாங்க. நம்ம பாட்டில்ல 66. அது மாசக்கணக்கா கார்க்க தொட்டுக்கிட்டே கிடந்தா ஊறி, பொதுபொதுன்னு ஆகி, உதிர்ந்து, கார்க் வாடையும் உள்ள எறங்கிரும். நேரா நிக்கணும், அவ்வளவுதான். கார்க் ரொம்ப காஞ்சுரும்னு பயம் இருந்தா மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவ ரெண்டு செகண்ட் சாய்ச்சு நனைச்சுட்டு திருப்பி நிமித்திருங்க.

பரணும் வேண்டாம். நம்ம ஊர் மொட்டை மாடி வெயில் நேரா அங்கதான் எறங்குது, ஏப்ரல்ல கை வச்சு பாருங்க தெரியும். நான் இப்ப கீழ் ரூம் மர அலமாரியில அடித்தட்டுல வச்சிருக்கேன், இருட்டு, ஜன்னல் வெளிச்சம் படாது.

அடுத்தது லேபிள். எங்க வீடு குளச்சல் பக்கம், உப்புக்காத்துல தாழ்ப்பாளே ரெண்டு வருஷத்துல துருப்பிடிச்சு உதிருது. ஜூன்ல ஒரு மழை, ஐப்பசியில இன்னொரு மழைன்னு நமக்கு ரெண்டு சீசனும் உண்டு, அட்டைப்பெட்டியில வெள்ளையா பூஞ்சை பிடிச்சிரும், லேபிள் போச்சுன்னா கலெக்‌ஷனுக்கு மதிப்பே இல்ல. பெரிய ஜிப் கவர், உள்ள சிலிகா ஜெல் பாக்கெட் ரெண்டு, அது போதும். கழுத்துல சுத்த பாராஃபிலிம்தான் பெஸ்ட், லேப்ல யூஸ் பண்றது, இழுத்து சுத்தினா தானா ஒட்டிக்கிடும், வருஷம் ஒரு தடவ மாத்துங்க. மெழுகுவத்தி உருக்கி ஊத்துறது, பிளம்பர் டேப் சுத்துறது எல்லாம் யூடியூப்ல பாத்துட்டு செய்யாதீங்க, பொறவு மூடிய தொறக்க கத்தி எடுக்க வேண்டி வரும்.

ஸ்டெப் 4: தொறக்கும்போது

மூடிய பிடிச்சுக்கிட்டு பாட்டில மெதுவா திருப்புங்க. இழுக்காதீங்க. என்னைய மாதிரி உடைஞ்சுதுன்னா ஆணி, கத்தி எல்லாம் போட்டு குத்தாதீங்க, ஒயின் ஸ்க்ரூவ லேசா சரிச்சு ஏத்தி எடுங்க, வராட்டி உள்ள தள்ளிட்டு வடிகட்டிருங்க.

வடிகட்டுறதுல நான் பண்ணின கூத்த சொல்றேன். தொவைச்சு மடிச்சு வச்சிருந்த வேட்டியில ஒரு துண்டு கிழிச்சு அதுல ஊத்தினேன். வெள்ளைத் துணியில தேன் கலர் பரவி, கார்க் தூள் எல்லாம் மேல நின்னுச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. மோந்து பாத்தா சோப்பு வாடை. 66 சதவீத ஆல்கஹால் எல்லா வாடையையும் உறிஞ்சிரும்னு அப்ப தோணல. முக்கால் பாட்டில் அப்பிடி கெட்டுது. மொதல்ல ஸ்டீல் சாயா அரிப்பு, பொறவு காஃபி ஃபில்டர் பேப்பர். பேப்பர ஒரு தடவ தண்ணியில அலசிட்டு யூஸ் பண்ணுங்க, பேப்பர் ருசி போயிரும். அடுக்களையில செய்றதா இருந்தா அடுப்ப அணைச்சிருங்க, இது பட்டுன்னு தீப்பிடிக்கிற சரக்கு. எங்க அம்மா "அடுப்பு எரியுது, கண்ணு தெரியலியாலே"ன்னு போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு.

ஸ்டெப் 5: தண்ணி

நேரா குடிச்சா நாக்கு மரத்துப்போயி ஒண்ணும் தெரியாது. 30 மில்லி எடுத்து 66 சதவீதத்த 50க்கு எறக்கணும்னா 30ஐ 66ஆல பெருக்கி 50ஆல வகுங்க, 39.6 வரும், அப்ப தண்ணி 9.6 மில்லி. 45 வேணும்னா 14 மில்லி. மெடிக்கல்ல ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு வாங்குங்க, இதுக்குன்னு விக்கிற கண்ணாடி டிராப்பர் எல்லாம் சும்மா ஷோ. போர் தண்ணி வேண்டாம், கடல் பக்கம் உப்பு காட்டிக்குடுத்துரும். கேன் தண்ணி கொள்ளாம்.

பாட்டில் பாதிக்கு கீழ வந்தா காத்து வேலைய காட்டும், அப்ப சின்ன கண்ணாடி பாட்டிலுக்கு மாத்திருங்க.

அப்டேட் 1: "நம்ம கடை பாட்டில்ல 75 ப்ரூஃப்னு பாத்திருக்கேன், அது எப்பிடி 42.8 சதவீதம் ஆகும், நீ சொல்ற கணக்குக்கு 37.5 தான வரணும்"னு ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நம்மூரு நம்பர் பழைய பிரிட்டிஷ் கணக்கு, அதுல 100 ப்ரூஃப்னா சுமார் 57 சதவீதம். அமெரிக்க கணக்கு சதவீதத்துக்கு அப்பிடியே டபுள். குழப்பமா இருந்தா ப்ரூஃப விட்டுட்டு சதவீதத்த மட்டும் பாருங்க.

அப்டேட் 2: "இருவது வருஷம் வச்சா இன்னும் நல்லாகுமா?" ஆகாது. வயசாகுறது மரப்பேரல்ல இருக்க வரைதான், கண்ணாடிக்குள்ள வந்தா நின்னுரும். பேரல்ல இருக்கும்போதே இடத்த பொறுத்து கதை மாறுது பாருங்க, அமெரிக்கால கென்டக்கி குடோன்ல மேல்மாடி சூட்டுல தண்ணி வேகமா ஆவியாகி ப்ரூஃப் ஏறுது, ஸ்காட்லாந்து ஈரக்குளிர்ல ஆல்கஹால் போயி ப்ரூஃப் எறங்குது. பேரல்ல ஊத்தும்போது 62.5 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு பர்பனுக்கு (அமெரிக்க சோள விஸ்கி) அமெரிக்கால சட்டம், ஆனா வெளிய வரும்போது 66, 68ன்னு வாறது அந்த சூட்டாலதான்.

அப்டேட் 3: குலசேகரம் பக்கத்துல ரப்பர் தோட்டம் வச்சிருக்க ஒருத்தர், ரப்பர் பால் எவ்வளவு கெட்டின்னு மெதக்க விட்டு அளக்குற மெட்ரோலாக் கருவிய இதுல போட்டு ப்ரூஃப் பாக்கலாமான்னு கேட்டார். தத்துவம் ஒண்ணுதான் அண்ணாச்சி, ஆனா அளவு ரப்பர் பாலுக்கு போட்டது. விஸ்கி அத விட லேசு, போட்ட உடனே அடியில போய் உக்காந்துரும். ரப்பர் வாடை வேற எறங்கும், எனக்கு சோப்பு எறங்கின மாதிரி.