மெத்தையைக் குளிர்விக்கும் கருவி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெத்தையின் மேல் விரிக்கும் உறைக்குள் நீரை ஓடவிட்டோ, போர்வைக்குள் காற்றை ஊதியோ, படுக்கையை வேண்டிய அளவுக்குக் குளிர்விக்கவும் சூடாக்கவும் செய்யும் கருவிகள் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக விற்பனையில் உள்ளன. சிலிபேட், எய்ட் ஸ்லீப், பெட்ஜெட் ஆகியவை அவற்றுள் பலரும் கேள்விப்பட்ட பெயர்கள். டெக்சாஸிலோ அரிசோனாவிலோ உள்ள உறவினர் வீட்டில் ஓரிரவு படுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒன்று வாங்கிவரச் சொல்பவர்களும் இப்போது உண்டு. இதைத் தேர்வு செய்கையில் பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது, எந்த அளவுக்குக் குளிரவைக்கும் என்ற எண்ணைத்தான். 12 அல்லது 13 டிகிரி செல்சியஸ் வரை என்று பெட்டியில் போட்டிருந்தால் அதுவே சிறந்தது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எண்ணால் வாங்குபவருக்குக் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. படுக்கையறைக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, படுக்கையிலிருந்து எடுக்கப்படும் வெப்பம் எங்கே போய்ச் சேரப்போகிறது, இரவின் எந்த நேரத்தில் உடலுக்கு எது தேவை என்பவையே கொடுத்த பணம் உருப்படுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

உடலிலிருந்தே தொடங்கலாம். உறங்கும் மனிதரின் தோல் வெப்பநிலை ஏறத்தாழ 33 முதல் 35 டிகிரி வரை இருக்கும். ஆகவே 28 டிகிரியில் உள்ள பரப்பு முதுகில் பட்டாலே குளிர்ச்சியாகத்தான் தெரியும். இரவில் உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கி, விடியலுக்குச் சற்று முன்பு மிகக் குறைந்த நிலையை அடைகிறது. இவ்வாறு இறங்குவதற்கு, கை கால்களில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து உள்ளிருக்கும் வெப்பத்தைத் தோல் வழியாக வெளியே விட வேண்டும். பாதங்கள் வெதுவெதுப்பாக இருப்பவர்களுக்கு உறக்கம் விரைவில் வருகிறது என்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999 இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு முன்பு 40 முதல் 42.5 டிகிரி வரையிலான வெந்நீரில் குளிப்பது உறக்கம் வருவதைச் சுமார் பத்து நிமிடம் விரைவுபடுத்துவதாக, 2019 இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். இவற்றைக் கருதாமல், படுத்த உடனே கருவியை அடிமட்ட எண்ணுக்குத் திருகிவிடுவது முதன்மையான தவறு. குளிர் பட்டதும் தோலின் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். வெளியேற வேண்டிய வெப்பம் உள்ளேயே தங்கும். கால் சில்லிட்டுப் போனவருக்குத் தூக்கம் வராது. படுக்கும் நேரத்தில் மிதமாகவும், நள்ளிரவுக்கு மேல் ஓரிரு டிகிரி குறைவாகவும், விழிப்பதற்கு முன்பு சற்றே கூடுதலாகவும் நேரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள இடந்தரும் கருவியே, மிகக் குறைந்த எண்ணைக் காட்டும் கருவியை விடப் பயனுள்ளது என்பது என் கணிப்பு. இரவின் பிற்பகுதியில் கனவுறக்கம் மிகுதி; அந்நிலையில் உடல் தன் வெப்பத்தைத் தானே சீர்செய்துகொள்ளும் திறன் குறைந்திருக்கும் என்பதால், மாலையில் இதமாகத் தோன்றிய அளவு அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பிவிடக்கூடும்.

விற்பனையில் உள்ளவற்றை ஒரே இனமாக எண்ணுவதும் ஏமாற்றத்துக்குக் காரணமாகிறது. 'கூலிங் ஜெல்' என்று விளம்பரப்படுத்தப்படும் மெத்தைகளும் விரிப்புகளும் மின்சாரம் இல்லாதவை. அவை உடலின் வெப்பத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு நிறைந்துவிடும். கடையில் கை வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் சில்லென்ற உணர்வு, அதே இடத்தில் சில மணி நேரம் படுத்திருப்பவருக்குக் கிடைக்காது. காற்றை ஊதும் வகை, போர்வைக்கும் விரிப்புக்கும் இடையே அறையின் காற்றைச் செலுத்தி வியர்வையை உலர்த்துகிறது. அதனால் அறையின் வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க இயலாது. தடித்த போர்வைக்குள், மின்விசிறி இல்லாத அறையில் உறங்கும் குளிர்நாட்டினருக்கு இது நல்ல ஏற்பாடு. போர்வையைக் காலடியில் தள்ளிவிட்டு மின்விசிறிக்கு நேர்கீழே படுப்பவருக்கோ, மேலே சுழலும் விசிறி அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. அதிலும் மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கும் இன்றைய பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவிலேயே அதைச் செய்துவிடுகிறது. ஆக, அறையை விடக் கீழே குளிரவேண்டும் என்பவருக்கு மிஞ்சுவது நீர் ஓடும் வகை மட்டுமே. விலையும் சிக்கலும் அதில்தான் அதிகம்.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் நீர் ஓடும் வகையை வாங்குவதற்கு முன் ஈரப்பதத்தைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தே ஆகவேண்டும். குளிர்நீர் நிரப்பிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போலவே, குளிர்ந்த மெத்தை உறையும் வியர்க்கும். காற்றில் உள்ள நீராவி எந்த வெப்பநிலையில் நீர்த்துளியாகத் தொடங்குகிறது என்பது அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பொறுத்தது. சென்னையில் ஏசி இல்லாத ஓர் அறையில் இரவு 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், அந்த அளவு ஏறத்தாழ 25 டிகிரி. அதாவது கருவியை 20 டிகிரிக்கு வைத்தால், உடல் படாத ஓரங்களிலும் நீர் செல்லும் குழாய்களின் மேலும் ஈரம் பூக்கும். உடலுக்கு அடியிலோ வியர்வையும் சேர்ந்திருப்பதால் ஈரம் இன்னும் அதிகம். நள்ளிரவில் கையால் தடவினால் விரிப்பு நசநசவென்று இருக்கும். கருவி ஒழுகுகிறது என்று புகார் சொல்லத் தோன்றும். பழுது ஒன்றும் இருக்காது. பல வாரங்கள் இப்படியே நடந்தால் இலவம்பஞ்சு மெத்தையும் தென்னைநார் மெத்தையும் பூசணம் பிடித்துவிடும். அதே சென்னையில் ஏசி போட்ட அறை 26 டிகிரியிலும் 55 விழுக்காட்டிலும் இருந்தால், ஈரம் படியத் தொடங்கும் அளவு 16 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அங்கே 20 டிகிரியில் தொல்லை இராது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு விற்பவர்களுக்குப் பிடிக்காத ஒன்று. புழுக்கமான ஊரில் இந்தக் கருவி ஏசிக்கு மாற்று ஆகாது, ஏசியோடு சேர்ந்தே பயன்படும். ஏசி காற்றின் ஈரத்தையும் எடுக்கிறது. மெத்தைக் கருவி வெப்பத்தை மட்டுமே நகர்த்துகிறது. ஒரு டன் ஏசி 3,500 வாட் அளவுக்கு அறையின் வெப்பத்தை வெளியே தள்ளக்கூடியது. அத்தோடு அதன் வெப்பம் கட்டடத்துக்கு வெளியே போகிறது. மெத்தைக் கருவி எடுக்கும் வெப்பமோ கட்டிலுக்கு அருகில் வைத்த பெட்டியின் விசிறி வழியாக அதே அறைக்குள் கொட்டப்படுகிறது. ஓடும்போது அதன் பின்புறம் கையை வைத்தால் வெந்த காற்று அடிப்பது தெரியும். இவற்றுள் பல, பெல்டியே விளைவு எனப்படும், 1834 இல் கண்டறியப்பட்ட கோட்பாட்டில் இயங்குகின்றன. மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சில்லுகள் அவை. சத்தமும் அளவும் குறைவு என்பது அவற்றின் சிறப்பு; ஆனால் அகற்றும் வெப்பத்துக்கு ஈடாகவோ அதற்கு மேலோ மின்சாரம் கேட்பது அவற்றின் குறை. உறங்கும் ஒருவர் வெளிவிடும் வெப்பம் 70, 80 வாட் என்று கொண்டால், கருவி உண்ணும் மின்சாரமும் அதனோடு சேர்ந்து அறையில் தங்குகிறது. சன்னல் அடைத்த சிறிய அறையில், ஏசி இல்லாமல், இரண்டு பேருக்கும் இதை ஓடவிட்டால் முதுகு குளிர்ந்து முகம் வேகும். வறண்ட காற்றும் இரவுக் குளிர்ச்சியும் உள்ள இடங்களில் நிலைமை வேறு. ஏசியை 24 இலிருந்து 27 க்கு உயர்த்திவிட்டு மெத்தையை மட்டும் குளிர்வித்தால் மின்கட்டணம் குறையும் என்ற வாதம் அங்கே செல்லுபடியாகும். ஆனால் கருவிக்குக் கொடுத்த தொகையை அந்தச் சேமிப்பு எத்தனை ஆண்டில் ஈடுசெய்யும் என்பதையும் கணக்கிட வேண்டும்.

ஆகவே வாங்குவதற்கு முன்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெப்ப, ஈரப்பதமானி ஒன்றைக் கட்டிலின் அருகே வைத்து, ஒரு வாரம் இரவு பத்து மணிக்கும் விடியற்காலையிலும் குறித்துப் பார்ப்பது, இணையத்தில் நூறு மதிப்புரைகள் படிப்பதை விட மேலானது. அந்த மதிப்புரைகளில் பெரும்பகுதி, ஏசியால் காற்று உலர்ந்த வீடுகளில் இருந்துகொண்டு எழுதப்பட்டவை.

அளவிலும் மின்சாரத்திலும் நேரும் தவறுகள் சாதாரணமானவை, ஆனால் திருத்த முடியாதவை. அமெரிக்க 'கிங்' மெத்தை 76க்கு 80 அங்குலம். இங்கே கடைகளில் கிங் என்று விற்பது பெரும்பாலும் 72க்கு 78. நான்கு அங்குலம் அகலம் கூடிய உறை ஓரத்தில் மடிந்தால் உள்ளே உள்ள நீர்க்குழாய் நெரிபடும். கருவியின் அடியில் ஒட்டிய தகட்டில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா, 120 வோல்ட் என்று மட்டும் இருக்கிறதா என்று பார்க்காமல் 230 வோல்ட்டில் செருகுவது அதன் ஆயுளை அந்த நொடியிலேயே முடித்துவிடும். உறைக்கு மேல் மழைக்காகிதம் போன்ற நீர்புகா விரிப்பையோ தடித்த பஞ்சு மெத்தையையோ போடுவதும் கூடாது. போட்டால் குளிர்ச்சி மேலே வந்துசேராது. இருவர் படுக்கும் கட்டிலில் ஒருவருக்கு மட்டுமே வெக்கை தாங்கவில்லை என்றால், பாதி அகல உறையே போதும். குழந்தை நடுவில் படுக்கும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். கைக்குழந்தைகள் தம் வெப்பத்தைச் சீர்செய்துகொள்ளத் தெரியாதவர்கள் என்பதால், குளிரவைத்த பரப்பிலும் சூடாக்கிய பரப்பிலும் அவர்களைக் கிடத்தக்கூடாது.

இணையத்தைச் சார்ந்திருக்கும் கருவியை அதன் விளைவு தெரியாமல் வாங்குவதைப் பற்றிச் சொல்ல 2025 அக்டோபர் 20 அன்று நடந்ததே போதுமானது. அன்று அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் உள்ள அமேசான் இணையச் சேவை மையங்கள் முடங்கியதில், எய்ட் ஸ்லீப் படுக்கை வைத்திருந்த பலர் அதன் வெப்பத்தை மாற்ற முடியாமல் திண்டாடினார்கள். சிலருக்குச் சூடாக்கும் நிலையிலேயே நின்றுவிட்டது; தலைப்பக்கம் உயரும் கட்டில் வைத்திருந்த சிலருக்கு அது சாய்ந்த நிலையிலேயே இருந்தது. நிறுவனத்தின் தலைவர் மத்தேயோ பிரான்செஸ்கெட்டி பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். பின்னர் புளூடூத் வழியே இயங்கும் மாற்று ஏற்பாடு கொண்டுவரப்பட்டது. எந்தக் கருவியானாலும், இணையம் இல்லாதபோது பெட்டியில் உள்ள பொத்தானாலோ தனி ரிமோட்டாலோ நிறுத்தவும் மாற்றவும் முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாதச் சந்தா கட்டாவிட்டால் எந்தெந்த வசதிகள் நின்றுபோகும் என்பதையும் கேட்க வேண்டும். 2,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஆண்டுதோறும் சந்தாவும் உண்டு என்பது பலருக்குப் பணம் கட்டும் பக்கத்தில்தான் தெரியவருகிறது. மின்தடையும் இதே போன்றதுதான். கருவி நின்றுபோனால், நீர்க்குழாய்கள் பதித்த உறை காற்றோட்டமில்லாத ஒரு படலமாக மாறி, வெறும் மெத்தையை விட அதிகமாகப் புழுங்கவைக்கும்.

சூடாக்குவதைப் பொறுத்தவரை தேவை இடத்துக்கு இடம் வேறுபடும். உதகையிலும் நுவரெலியாவிலும், டொராண்டோ, ஆஸ்லோ போன்ற நகரங்களிலும் இருப்பவர்களுக்குக் குளிர்விப்பதை விடச் சூடாக்கும் வசதியே முக்கியமானால், இவ்வளவு விலையுள்ள கருவி தேவையில்லை. 100 வாட் அளவிலான மின்கம்பளி அதே வேலையைச் செய்துவிடும். ஆனால் கம்பளியானாலும் கருவியானாலும், இதமாக இருக்கிறது என்பதற்காக உச்ச அளவில் இரவு முழுவதும் விடுவது ஆபத்தானது. 44 டிகிரிப் பரப்பு தோலில் இடைவிடாமல் ஆறு மணி நேரம் பட்டால் தீப்புண் உண்டாகும் என்பது 1940களிலேயே நிறுவப்பட்டது. சில கருவிகளின் உச்ச அளவு இதையொட்டியோ இதற்கு மேலோ இருக்கிறது. நீரிழிவால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சுடுவதே தெரியாது என்பதால், அவர்கள் படுப்பதற்கு முன்பு படுக்கையைச் சூடாக்கிவிட்டு, ஏறிப் படுக்கும்போது அணைத்துவிடுவதே முறை.

பராமரிப்பில் பெரிய கமுக்கம் ஒன்றும் இல்லை. நிறுவனம் வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) என்று சொன்னால் வாலைவடிநீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் மெல்லிய குழாய்களை ஓரிரு ஆண்டிலேயே அடைத்துவிடும். உள்ளே பாசி படியாமல் இருக்கக் கையேட்டில் சொன்ன மருந்தை, சொன்ன இடைவெளியில் சேர்ப்பதும் தவறக்கூடாது.

இதைவிடப் பெரிய தவறு, நோயின் அறிகுறியைத் தட்பவெப்பம் என்று எண்ணிக் கருவியைத் தேடிப் போவது. அறை குளிர்ந்திருந்தும் சட்டை நனையுமளவுக்கு இரவில் வியர்ப்பது காசநோயின் முக்கிய அறிகுறிகளுள் ஒன்று. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும். தைராய்டு மிகுதி, மாதவிடாய் நிற்கும் காலம், சில மனச்சோர்வு மருந்துகள், இன்சுலின் எடுப்பவருக்கு நள்ளிரவில் சர்க்கரை இறங்குவது ஆகியவையும் இரவு வியர்வைக்குக் காரணமாகலாம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் உள்ள பெண்களுக்குக் குளிரும் மெத்தை உண்மையிலேயே ஆறுதல் தரக்கூடியது. சர்க்கரை இறங்கி வியர்ப்பவருக்கோ அது அபாய அறிவிப்பை மறைத்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் வாங்குவது என்று முடிவானால், எங்கே வாங்குவது என்பதில் கடைசியாக ஒரு கவனம் தேவை. 30 இரவுகள் பயன்படுத்திப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற சலுகை பொதுவாக விற்கப்பட்ட நாட்டுக்குள் மட்டுமே பொருந்தும்; உத்தரவாதமும் பெரும்பாலும் அப்படியே. பெட்டியில் கட்டி விமானத்தில் கொண்டுவந்த பிறகு, நீர்க்குழாய் ஒழுகினாலும் பம்பு நின்றாலும் இங்கே பார்க்க ஆள் கிடைப்பது அரிது. சலுகைக் காலம் உள்ள நாட்டிலேயே வாழ்பவர்கள், தள்ளுபடி கிடைக்கிறது என்பதற்காக நவம்பரில் வாங்கிக் குளிர்காலத்தில் சோதிக்காமல், எந்த மாதத்தில் உறக்கம் கெடுகிறதோ அந்த மாதத்தில் வாங்கி, அந்த 30 இரவுகளிலேயே மின்தடை, இணையத்தடை இரண்டையும் வேண்டுமென்றே உண்டாக்கி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.