வான்வழித் தொலைவும் பயண நேரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் பகுதி மக்களுக்கு விமான நிலையம் என்றால் அது எல்லைக்கு அப்பால் உள்ள திருவனந்தபுரம்தான். அங்கிருந்து சென்னைக்கோ வளைகுடாவுக்கோ செல்பவர்கள் பயண நேரத்தைக் கணக்கிடும்போது சில தவறுகள் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன.

தொலைவை வேகத்தால் வகுத்து நேரத்தை முடிவு செய்வது அவற்றுள் முதன்மையானது. திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தொலைவு சுமார் 615 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வகுத்தால் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாகவே விடை வரும். பயணச்சீட்டிலோ ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் இருக்கும். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரை உள்ள நேரமே சீட்டில் கணக்கிடப்படுகிறது என்பதும், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் மேலேறுவதும் இறங்குவதும் முழு வேகத்தில் நடப்பவை அல்ல என்பதும் இதற்குக் காரணம். தவிர, சில இணையதளங்கள் தொலைவைக் கடல் மைலில் தருகின்றன. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

வளைகுடாப் பயணத்தில் குழப்பம் வேறு வகையானது. அதிகாலை 4.00 மணிக்குப் புறப்பட்டு 6.40 மணிக்குத் துபாய் சேரும் என்று சீட்டில் இருந்தால், பயணம் 2 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு நேரங்களும் அந்தந்த ஊரின் நேரங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால் உண்மையான பயணம் 4 மணி 10 நிமிடம். கத்தார், குவைத், சவூதி ஆகியவற்றுக்கு இந்த வேறுபாடு இரண்டரை மணி நேரம். குளிர்காலத்தில் மேல்வானில் மேற்கிலிருந்து வீசும் காற்று வலுப்பதால், ஊர் திரும்பும் விமானம் சற்று விரைவாகவே வந்து சேர்வதுண்டு.

இவை எல்லாவற்றையும் விடப் பணத்தைக் கரைப்பது தேதிப் பிழை. சீட்டில் 25-ஆம் தேதி 00.40 என்று இருந்தால், 24-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 25-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புபவருக்கு, முந்தைய இரவே பறந்துவிட்ட விமானத்தின் சீட்டுதான் கையில் இருக்கும். வழியனுப்ப வேன் பிடிக்கும் உறவினர்களும் இதைச் சரிபார்ப்பது நல்லது.

விமான நேரத்தை நுணுக்கமாகக் கணக்கிடுபவர்கள்கூடச் சாலையைக் கணக்கில் எடுப்பதில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகச் செல்லும் பழைய சாலையில் மாலை நேர நெரிசல் எவ்வளவு என்பது இப்பகுதியினருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் சேர வேண்டும் என்பதால் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கமும் பன்னாட்டு முனையம் சாக்கை பக்கமும் ஓடுபாதைக்கு இருபுறமாக அமைந்துள்ளன. தவறான முனையத்தில் இறங்கினால் மீண்டும் வண்டியேறிச் சுற்றித்தான் வர வேண்டும்.

பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின் ஆராட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும் சடங்கு) நாளில், பத்மநாபசுவாமி கோயில் ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வதால், சில மணி நேரம் விமானப் போக்குவரத்தே நிறுத்தப்படுகிறது. அன்றைய விமானங்களின் நேரம் மாற்றப்படும் என்பதால், பல வாரங்களுக்கு முன் எடுத்த சீட்டில் உள்ள நேரத்தை மட்டும் நம்பிப் புறப்படாமல், விமான நிறுவனம் பிறகு அனுப்பிய குறுஞ்செய்தியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.