'ஆர்டர் வந்ததும் கூப்பிடறோம்' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50% வரி போட்டதும், அமெரிக்க ஆர்டரையே நம்பியிருந்த திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஆடிப்போயின. ஆர்டர் நின்றால் நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங் என்று வரிசையாக எல்லாம் படுத்துவிடும். ஊரே ஒரே தொழிலில் இருப்பதால் பக்கத்து கம்பெனியிலும் அப்போது ஆள் எடுக்க மாட்டார்கள்.

முதல் விஷயம், ராஜினாமா தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று டைப் அடித்ததை நீட்டி, போட்டால்தான் பிஎஃப் கிடைக்கும் என்று சொன்னால் நம்ப வேண்டாம், பிஎஃப் உங்கள் பணம். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது, அதற்காகத்தான் அந்தத் தாள்.

அடுத்து, தற்காலிகமா நிரந்தரமா என்று எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி. தற்காலிகம் என்றால் அது லே-ஆஃப்: 50 பேராவது வேலை செய்யும் தொழிற்சாலையில் ஓராண்டு தொடர்ந்து இருந்தவருக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டும் சேர்ந்ததில் பாதி தர வேண்டும். ஆனால் தினமும் வேலை நேரத்தில் கம்பெனிக்குப் போய் வந்ததைப் பதிய வேண்டும், இது தெரியாமல் வீட்டிலேயே இருந்தால் அந்தப் பணம் போய்விடும். நிரந்தரம் என்றால் குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம், அதோடு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம்.

அப்புறம் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. சம்பளத்தில் 0.75% பிடித்தார்களே, அதில் வேலையில்லாக் காலத்துக்கும் பணம் உண்டு. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். சராசரி தினக்கூலியில் பாதி, வாழ்நாளில் மொத்தம் 90 நாள் வரை கிடைக்கும். 2 வருடம் இஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும், வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தாப் பருவத்தில் 78 நாளாவது, அந்த 2 வருடத்தின் மற்ற மூன்று பருவங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை போய் 30 நாள் கழித்து ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். காலக்கெடு வைத்து நீட்டித்து வரும் திட்டம், அதனால் நடப்பில் இருக்கிறதா, நிபந்தனைகள் மாறியிருக்கிறதா என்று இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கம்பெனியையே மூடிவிட்டால் இஎஸ்ஐயின் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவைப் பற்றியும் கேளுங்கள், அதில் 24 மாதம் வரை உதவித்தொகை உண்டு.

கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் வேலை இருக்கும்போதே இஎஸ்ஐ எண்ணை வாங்கி, சந்தா ஏறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். ஏறவில்லை என்றால் இஎஸ்ஐ அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள்.