அந்தரங்கப் பொருள்களுக்கு வீட்டில் ஓர் இடம்

மாமியார், பிள்ளைகள், வந்துபோகும் உறவினர்கள் என்று நிறைந்த வீட்டில் ஆணுறை, லூப் (வழவழப்புக்குத் தடவும் ஜெல்), வைப்ரேட்டர் போன்றவற்றைப் பலரும் வைப்பது மெத்தைக்கு அடியில், புடவை அடுக்கின் நடுவில், இல்லையென்றால் பரணில். மூன்றுமே மாட்டிவிடும் இடங்கள். மெத்தையை வெயிலில் போட யாராவது தூக்குவார்கள். கல்யாணத்துக்குக் கட்ட நாத்தனார் புடவை தேடுவார். போகிக்கு முன் பரண் மொத்தமும் கீழே இறங்கும். நகை லாக்கரும் வேண்டாம், அந்தச் சாவி இருக்கும் இடம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஒளித்து வைத்ததை யாரும் தற்செயலாகத் திறக்கலாம். பூட்டி வைத்ததைத் திறக்க உங்களிடம் கேட்டாக வேண்டும். அதனால் கனமான துணியில், இரண்டு ஜிப் தலையையும் சேர்த்துப் பூட்டக்கூடிய பை ஒன்று வாங்குங்கள். ஒரு சாண் நீளம் போதும். மூன்று எண் பூட்டு பெரும்பாலும் 000 என்றே வரும், முதலில் அதை மாற்றுங்கள். பிறந்தநாள், கல்யாண நாள் எண்களைப் பிள்ளைகள் எளிதாக ஊகித்துவிடுவார்கள். பூட்டியபின் எண்களைக் கலைத்துவிடுங்கள். பாதிப் பேர் மறப்பது இதைத்தான். பையை உங்கள் சான்றிதழ், வரிக் கணக்கு ஃபைல்களோடு அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். அந்தக் காகிதங்களை யாரும் ஆசையாகப் புரட்ட மாட்டார்கள். இருட்டில் கை நீட்டினால் எட்டுகிற இடமா என்றும் பாருங்கள். எடுக்கச் சிரமமான இடமென்றால் பொருள் மெல்லத் தலையணைக்கு அடியில் குடியேறிவிடும்.

சூடுதான் ஆணுறைக்கு எமன். தளத்தை ஒட்டிய பரண், பர்ஸ், வண்டியின் சீட்டுக்கு அடி எல்லாமே ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பரைப் பலவீனமாக்கும். ஆணுறை பார்க்க நன்றாக இருக்கும், உபயோகிக்கும்போது கிழியும். தேங்காய் எண்ணெயும் வாசலினும் லேடெக்ஸைச் சீக்கிரமே கெடுத்துவிடும், அதனால் தண்ணீர் அடிப்படையிலான லூப்தான் சரி. சிலிக்கானில் செய்த வைப்ரேட்டருக்கும் அதுவே பாதுகாப்பு. சிலிக்கான் லூப் பட்டால் அதன் மேற்பரப்பு பிசுபிசுத்துப்போகலாம். பாச்சா உருண்டை போட்ட தட்டில் வைத்தால் வாடை ஏறும், கழுவினாலும் லேசில் போகாது.

வைப்ரேட்டரைக் கழுவிக் காயவைக்கும் நேரத்தில்தான் குட்டு வெளிப்படும். மென்மையான சோப்பும் தண்ணீரும் போதும். நீர் புகக்கூடிய வகையானால் மோட்டார் பகுதியை ஈரத்துணியால் துடைக்க மட்டும் செய்யுங்கள். நூல் உதிராத துணியால் ஒற்றி, ஒரு பருத்தித் துண்டில் சுருட்டி இரவு முழுக்க உங்கள் தட்டிலேயே விடுங்கள். ஈரத்தோடு ஜிப் போட்டால் பூஞ்சை பிடிக்கும். வேறு வேறு ரப்பர், பிளாஸ்டிக் வகைகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனித் துணிப்பையில் இருக்கட்டும். பேட்டரி போடும் வகையானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசியாது, பையில் அழுந்தித் தானே உறுமவும் செய்யாது. பட்டன் பேட்டரி என்றால் கூடுதல் கவனம் தேவை: குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம்.

ஆன்லைனில் வாங்கும்போது பெட்டியைவிட கணக்குதான் காட்டிக்கொடுக்கும். குடும்பம் முழுக்க ஒரே லாகின் என்றால் ஆர்டர் பட்டியலும் பரிந்துரைகளும் பையனின் டேப்லெட்டிலும் வரும். தனிக் கணக்கு, தனி போன் எண், நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் டெலிவரி என்று அமையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பில்லைக் கிழித்துவிடுங்கள். மருந்துக்கடையில் கொடுக்கும் கறுப்புக் கவரை நம்பாதீர்கள், தெருவுக்கே அது என்னவென்று தெரியும். வீட்டிலிருந்தே ஒரு துணிப்பை கொண்டுபோங்கள்.

பயன்படுத்திய ஆணுறையைக் கழிப்பறையில் போட்டால் குழாய் அடைக்கும், பிறகு பிளம்பர் வந்து எல்லார் முன்னிலும் எடுத்துக் காட்டுவார். முடிச்சுப் போட்டு, செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். ஆணுறை வந்த, கிழித்த பாக்கெட்டையும் அதே பொட்டலத்தில் சேர்த்துவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது வேலைக்கு வருபவர் கையில் சிக்குவது பெரும்பாலும் அதுதான்.

எப்படியும் ஒருநாள் குழந்தை கண்டுபிடித்துவிடலாம். "இது அம்மா அப்பாவோடது, மருந்து மாதிரி, நீ தொடக்கூடாது" என்று சாதாரணக் குரலில் சொல்லி வாங்கி வையுங்கள். பலூன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த பிறந்தநாளுக்கு ஹாலில் ஊதிக் கட்ட அதையே கேட்கும், வந்த விருந்தாளிகள் முன்னால்.