எம்பிசி சர்டிபிகேட்ல இருந்து எஸ்டிக்கு மாறுறது எப்படி: நரிக்குறவர் வீட்டுப் பசங்களுக்கு

2023 ஜனவரியில நரிக்குறவர், குருவிக்காரர் ரெண்டு பேரையும் தமிழ்நாட்டு பழங்குடியினர் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. அதுக்காக கையில இருக்கற எம்பிசி சர்டிபிகேட் தானா மாறிடாது, புதுசா போட்டுத்தான் வாங்கணும்.

முதல் வேலை, பழசை தூக்கிப் போடாதீங்க. பட்டியலே புதுசுங்கறதால உங்க வீட்டுல யாருக்கும் எஸ்டி சர்டிபிகேட் இருந்திருக்காது, ஆனா ஆபீஸ்ல வழக்கம்போல "அப்பாவோட எஸ்டி சர்டிபிகேட் எங்க"ன்னு கேப்பாங்க, அப்ப முழிக்காம அப்பாவோட எம்பிசி சர்டிபிகேட்டை எடுத்து வச்சு, சாதி அதேதான் சார் பிரிவு மட்டும்தான் மாறியிருக்குன்னு சொல்லுங்க. அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா யாராவது ஏற்கனவே வாங்கியிருந்தா அதோட ஜெராக்ஸும் சேத்துக்கோங்க.

அடுத்து ஸ்கூல் டிசியைப் பாருங்க. நிறைய பேருக்கு சிக்கலே இங்கதான். அட்மிஷன் அன்னைக்கு அவசரத்துல வெறும் 'குறவன்'னு எழுதி விட்டிருப்பாங்க, அது எஸ்சி பட்டியல்ல இருக்கற வேற சாதி. அப்படி இருந்தா விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே ஸ்கூல்ல பேசி திருத்தற வழியைப் பாருங்க.

விண்ணப்பம் இ-சேவை மையத்துல, 60 ரூபா. மேல சொன்ன பழைய சர்டிபிகேட்டுகளோட ஆதார், ரேஷன் கார்டு, டிசி, போட்டோ போதும். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரிச்சு மேல அனுப்புவாங்க, ஆனா எஸ்சி மாதிரி தாசில்தாரோட முடியாது, எஸ்டிக்கு கையெழுத்து போடறது ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர். நேர்ல கூப்பிட்டா ஊர்ப் பெரியவர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. நம்ம பாஷை வாக்ரிபோலி பேசுவியா, பாசி கோர்ப்பியான்னு கேள்வி வரலாம். 1972லயே வேட்டைக்கு சட்டம் போட்டு தடுத்துட்டு, இப்ப காலேஜ் படிக்கற பையன்கிட்ட காடை பிடிக்கத் தெரியுமான்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்? இந்த மாதிரி பழக்கவழக்க சோதனையை மட்டும் வச்சு முடிவெடுக்கக் கூடாதுன்னு 2023லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, அதனால பழைய ஆவணம்தான் உங்க பலம். ரிஜெக்ட் பண்ணா காரணத்தை எழுத்துல வாங்காம வராதீங்க.

மாறுனா லாபமான்னு கேக்கறாங்க. மாநில இடஒதுக்கீட்டுல எம்பிசிக்கு 20 சதவீதம், எஸ்டிக்கு 1தான், ஆனா அந்த 20ல பெரிய பெரிய சாதிகளோட முட்டி மோதி இத்தனை வருஷமா எத்தனை பேர் உள்ள போனோம்? மத்திய அரசுல எஸ்டிக்கு 7.5 சதவீதம், கிரீமி லேயர்ங்கற வசதி வரம்பு கிடையாது, வயசு வரம்புல ஓபிசிக்கு 3 வருஷம்னா நமக்கு 5. என் கணக்குல மாறுறதுதான் சரி.

சர்ச்சுக்குப் போறவங்க பயப்பட வேணாம், மதம் மாறினா எஸ்சி அந்தஸ்துதான் போகும், எஸ்டிக்கு மதம் தடையில்ல. ஆனா நம்ம பையனைக் கட்டிக்கிட்டு வந்த வெளிசாதிப் பொண்ணுக்கு இது கிடைக்காது, சாதி பிறப்பு வழியாத்தான்.

சர்டிபிகேட் வந்த உடனே ஸ்கூல் ரெக்கார்டு, டிஎன்பிஎஸ்சி ஒன்டைம் ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாத்துலயும் மாத்திடுங்க, ஒண்ணுல எம்பிசி ஒண்ணுல எஸ்டின்னு இருந்தா சர்டிபிகேட் வெரிஃபிகேஷன்ல மாட்டும்.